வண்டியை ஏத்தலாமா, இறக்கலாமா? சட்டத்துல காணாம போன ஒரு எண்

பழைய கார் வாங்குறது பத்தின எபிசோடு போட்டதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் இருந்துச்சு. "ஸ்பிரிங்குக்கு நடுவுல ரப்பர் போட்டா போலீஸ் பிடிப்பாங்களா?" "ஸ்பேசர் போட்டு ஒரு இன்ச் ஏத்தினா எஃப்சி கிடைக்குமா?" "என் ஸ்விஃப்ட்டை இறக்கியிருக்கேன், இன்ஷூரன்ஸ் செல்லுமா?" இன்னிக்கு எபிசோடு முழுக்க இதைத்தான் பேசப் போறோம். சஸ்பென்ஷனை எவ்வளவு ஏத்தலாம், எவ்வளவு இறக்கலாம்? இதுக்குச் சட்டத்துல எல்லை இருக்கா? இருக்கணுமா?

நான் உத்திரமேரூர் பக்கத்து ஆளுன்னு உங்கள்ல பலருக்குத் தெரியும். சென்னையில உட்கார்ந்து இந்த விஷயத்தைப் பேசினா இது ஸ்டைல் பிரச்சினை மாதிரி தெரியும். டி.என். 21 வண்டிகள் ஓடுற எங்க ஊர்ப்பக்கம் இது வயித்துப் பிழைப்புப் பிரச்சினை. ரெண்டு பக்கத்தையும் வெச்சுப் பேசலாம்.

முதல்ல, சட்டம் என்னதான் சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதுல 52-வது பிரிவு. பதிவுச் சான்றிதழ்ல, அதாவது ஆர்சி புக்ல இருக்கிற விவரங்கள், வண்டியைத் தயாரிச்ச கம்பெனி முதல்ல குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடுற மாதிரி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. இதுதான் அதோட சாரம். "மாற்றம்"னா என்னன்னு ஒரு விளக்கமும் கொடுத்திருக்காங்க: வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றக்கூடிய கட்டமைப்பு மாற்றம்.

2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்துல நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னாங்க. கேரளாவிலிருந்து போன வழக்கு. மாநில விதிகளுக்கு உட்பட்டு வண்டியில மாற்றம் செய்யலாம்னு கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருந்துச்சு. உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கல. சட்டம்தான் பெரிசு, விதி அதுக்குக் கீழதான். கம்பெனி குறிப்பிட்ட மூல விவரங்களை மாற்ற முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அதே வருஷம் சட்டத்திருத்தம் வந்துச்சு. 182-ஏ பிரிவை மாத்தி எழுதினாங்க. அனுமதியில்லாம வண்டியை மாற்றினா உரிமையாளருக்கு ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ரெண்டும்.

இதுவரைக்கும் தெளிவா இருக்கு, இல்லையா? இப்ப உங்க ஆர்சியை எடுத்துப் பாருங்க. இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், நிறம், சிசி, எத்தனை சீட், காலி எடை, வீல்பேஸ் எல்லாம் இருக்கும். கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் வயித்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி, அதுல இருக்காது.

விவாதமே இங்கதான் ஆரம்பிக்குது. ஒரு பக்கம் சொல்றாங்க: "ஆர்சியில இல்லாத விவரத்தை நான் மாற்றினா 52-வது பிரிவு எப்படி வரும்? 20 மில்லிமீட்டர் ரப்பர் போட்டா அடிப்படை அம்சம் மாறிடுமா?" இன்னொரு பக்கம் சொல்றாங்க: "வண்டி ஒரு குறிப்பிட்ட உயரத்துல சோதனை செஞ்சு அனுமதி வாங்கியிருக்கு. உயரத்தை மாத்தினா அது சோதனை செஞ்ச வண்டியே கிடையாது." ரெண்டு வாதத்துலயும் நியாயம் இருக்கு. ஆனா எத்தனை மில்லிமீட்டர் வரைக்கும் பரவாயில்லைன்னு 52-வது பிரிவுல ஒரு எண் கிடையாது. அதனால ரோட்டுல நிறுத்துற அதிகாரியோட கண்தான் ஸ்கேல்.

எல்லை எதுக்கு வேணும்?

"என் வண்டி, என் காசு, உனக்கென்ன?"ன்னு கேட்கிறவங்களுக்கு என் பதில் வந்தவாசி ரோட்டுல ராத்திரி எட்டு மணிக்கு இருக்கு. நடுவுல தடுப்பு கிடையாது. ரொம்ப தூரத்துக்குத் தெருவிளக்கும் கிடையாது. எதிர்ல டிவிஎஸ் எக்ஸெல்ல பால் கேன் கட்டிக்கிட்டு ஒருத்தர் வர்றார்னு வெச்சுக்குங்க.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஸ்விஃப்ட், டிசையர் மாதிரி வண்டிக்கு வீல்பேஸ் 2,450 மில்லிமீட்டர். முன்பக்கம் மட்டும் 40 மில்லிமீட்டர் ஏத்தினா வண்டியோட மூக்கு கிட்டத்தட்ட ஒரு டிகிரி மேல தூக்கும். ஒரு டிகிரிதானேன்னு தோணும். லோ பீம்ங்கிறது 10 மீட்டர் தூரத்துல சுமார் 10-லிருந்து 15 சென்டிமீட்டர் கீழ இறங்குற மாதிரி வெச்சிருப்பாங்க. இந்த ஒரு டிகிரி, அதே 10 மீட்டர்ல வெளிச்சத்தை 16 சென்டிமீட்டர் மேல தூக்கிடும். கூட்டிக் கழிச்சுப் பாருங்க: லோ பீம்ல ஓட்டுறோம்னு நீங்க நெனைப்பீங்க, வெளிச்சம் நேரா எக்ஸெல்காரர் கண்ணுல போகும். அவர் எந்த வண்டியையும் மாற்றல. அவருக்குத்தான் ரோட்டோரம் தெரியாம போகுது.

அமெரிக்காவுல இதுக்காகவே ஒரு சட்டம் வந்துச்சு. அங்க "கரோலினா ஸ்குவாட்"னு ஒரு ஸ்டைல். பிக்கப் வண்டியோட முன்பக்கத்தைத் தூக்கி, பின்பக்கத்தை இறக்கி, நாய் குந்தியிருக்கிற மாதிரி ஓட்டுவாங்க. ஓட்டுறவருக்கு முன்னாடி ரோடே சரியா தெரியாது. வட கரோலினா 2021 டிசம்பர் 1-லிருந்து முன்பக்க ஃபெண்டர் பின்பக்கத்தை விட 4 இன்ச் அல்லது அதுக்கு மேல உயர்ற மாதிரி மாத்தக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. ஒரே வருஷத்துல மூணு தடவை மாட்டினா லைசென்ஸ் போயிடும். அந்தச் சட்டத்துல எனக்குப் பிடிச்சது, 4 இன்ச்னு ஒரு எண் இருக்கு. டேப் வெச்சு அளந்துடலாம். ரெண்டு பேருக்கும் வாக்குவாதமே தேவையில்லை.

அடுத்தது கவிழ்றது. வண்டி கவிழுமான்னு மதிப்பிட அமெரிக்காவின் என்.எச்.டி.எஸ்.ஏ. ஒரு எளிய கணக்கு வெச்சிருக்கு. ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல உள்ள அகலத்தை, எடை மையத்தின் உயரத்தைப் போல ரெண்டு மடங்கால வகுக்கணும். அகலம் 1,500, எடை மையம் 550 மில்லிமீட்டர்னு வெச்சா விடை 1.36. மையம் 40 மில்லிமீட்டர் மேல போனா 1.27. எண் குறையக் குறைய கவிழ்ற வாய்ப்பு கூடும். ஏரிக்கரை வளைவுல, எதிர்ல வர்ற டிப்பருக்கு வழிவிட்டு ஒரு டயரை மண்ணுல இறக்கி, மறுபடி தாருக்கு ஏத்துற அந்த நொடியில இந்த வித்தியாசம் வேலை செய்யும்.

மூணாவது, பலருக்கும் தெரியாத ஒண்ணு. சில வேன்கள்லயும் சரக்கு வண்டிகள்லயும் பின்பக்கம் ஒரு பிரேக் வால்வு இருக்கும். பாடிக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல உள்ள இடைவெளியை வெச்சு வண்டியில பாரம் இருக்கா இல்லையான்னு அது புரிஞ்சுக்கும். காலி வண்டின்னா பின் பிரேக்கைக் குறைக்கும். இப்ப ஸ்பிரிங்ல எதையாவது சொருகி பின்பக்கத்தைத் தூக்கிட்டா, முழு பாரம் ஏத்தினாலும் வால்வுக்கு அது காலி வண்டி மாதிரிதான் தெரியும். பாரம் இருக்கும்போது வேண்டிய பிரேக் கிடைக்காது. கல்குவாரிப் பக்கம் ஓடுற வண்டிகளுக்குக் கூடுதலா கமான் பட்டை போடுறதும் இதே கதைதான். பட்டை பாரத்தைத் தாங்கும். ஆக்சில், டயர், பிரேக் எல்லாம் பழைய அளவுலயேதான் இருக்கும்.

இறக்குறவங்களையும் சொல்லாம விட முடியாது. நல்ல குறுகிய ஸ்பிரிங், அதுக்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பர் எல்லாம் காசு. அதனால பலரும் இருக்கிற ஸ்பிரிங்கையே ஒரு சுத்து, ரெண்டு சுத்து வெட்டிடுறாங்க. வண்டி பள்ளத்துல இறங்கி சக்கரம் தொங்கும்போது, நீளம் குறைஞ்ச ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டே விலகலாம். அப்படி வெட்டின ஒரு காரை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பார்த்தேன். சென்னையிலிருந்து கோயில் முன்னாடி ரீல்ஸ் எடுக்க வந்தவங்க. முதல் வேகத்தடையிலயே வயிறு உட்கார்ந்துடுச்சு. நாலு பேர் இறங்கித் தள்ளினாங்க. ஊரே வேடிக்கை பார்த்துச்சு. (சிரிப்பு)

வேகத்தடை பத்தி ஒரு கணக்கு

சிரிச்சது போதும். அந்த வேகத்தடையைப் பத்தி இப்ப பேசணும்.

எங்க தெருவுல ஒரு அண்ணன் இருக்கார். டிசையர் வெச்சு டாக்ஸி ஓட்டுறார். ராத்திரி ஒரு மணிக்குப் பிரசவ வலின்னாலும், வாரத்துக்கு ரெண்டு நாள் டயாலிசிஸ்னாலும் சுத்துப்பட்டு கிராமங்கள்ல முதல்ல போன் போறது அவருக்குத்தான். செங்கல்பட்டு அரசு மருத்துவமனை வரைக்கும் கூட்டிட்டுப் போவார். வண்டியில எப்பவும் அஞ்சு பேர், டிக்கியில மூட்டை. டிசையருக்கு கம்பெனி சொல்ற கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். அது காலி வண்டிக்கு. அஞ்சு பேர் ஏறினா அது எங்க போய் நிக்கும்னு சொல்லத் தேவையில்லை.

அதனால அவர் பின் ஸ்பிரிங்ல ரப்பர் போட்டிருக்கார். எஃப்சிக்குப் போகும்போது கழட்டுவார். எஃப்சி முடிஞ்சு திரும்பி வர்ற வழியிலேயே மெக்கானிக் கடையில மறுபடி மாட்டுவார். "தம்பி, வண்டி எஃப்சி ஆபீசுக்கு ஒரு உயரம், ஊருக்கு ஒரு உயரம்"னு அவரே சொல்வார். ரெண்டு தடவை அபராதமும் கட்டியிருக்கார். ஒவ்வொரு தடவையும் வேற வேற தொகை, வேற வேற காரணம்.

அவர் எதுக்கு ரப்பர் போடுறார்? வேகத்தடைக்காக. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988-ல வேகத்தடைக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டுச்சு, ஐ.ஆர்.சி. 99. அதுல சொன்ன வட்டவடிவ மேட்டுக்கு உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர்ல தாண்டுற மாதிரி அமைப்பு. இந்த அளவுல கட்டின மேட்டு மேல ஒரு டிசையர் ஏறி நடுவுல நிக்குதுன்னு வெச்சுக்குங்க. முன் சக்கரமும் பின் சக்கரமும் மேட்டு மேலயே இருக்கும். ஏன்னா மேடு 3.7 மீட்டர், வீல்பேஸ் 2.45 மீட்டர்தான். அப்ப ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல மேடு எவ்வளவு உயர்ந்து நிக்கும்? கணக்குப் போட்டா சுமார் 44 மில்லிமீட்டர். 163-ல 44. பாரம் ஏத்தி வண்டி 50, 60 மில்லிமீட்டர் இறங்கினாலும் தட்டாது.

அப்ப தட்டுறது எது? ஒரு விபத்து நடந்த மறுநாள் ரோட்டு மேல அள்ளிக் கொட்டின சிமெண்ட் திட்டு. ஒன்றரை அடி அகலம், முழங்கால் பாதி உயரம். வெள்ளைக் கோடு கிடையாது, முன்னெச்சரிக்கைப் பலகை கிடையாது. விதிப்படி கட்டின வேகத்தடைக்கு எந்தக் காரும் ரப்பர் போடத் தேவையில்லை. ரோடு விதியை மீறுது, அதைத் தாண்டுறதுக்காக வண்டி விதியை மீறுது. அபராத ரசீது மட்டும் வண்டிக்கு.

அந்த மேட்டைப் போட்ட ஊர்க்காரங்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். டிப்பர் வேகத்துக்குப் பயந்து, பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளைங்களுக்காகப் போட்டது அது. முறையா மனு கொடுத்து, முறையான அளவுல ஒண்ணு வர்ற வரைக்கும் காத்திருக்க அவங்களுக்குப் பொறுமை இல்லை. பொறுமையா இருங்கன்னு சொல்ற தைரியம் எனக்கும் இல்லை.

மத்தவங்க எப்படிச் சமாளிக்கிறாங்க?

ஆஸ்திரேலியாவும் கிராமம், மண்ரோடு, தூரம் நிறைஞ்ச நாடு. அங்க பல மாநிலங்கள்ல சஸ்பென்ஷனை 50 மில்லிமீட்டர் வரைக்கும் தனிச் சான்று இல்லாம ஏத்தலாம். அதுக்கு மேல போனா அங்கீகாரம் பெற்ற பொறியாளர் வண்டியைப் பார்த்துச் சான்று தரணும். இறக்குறதுக்கும் எல்லை உண்டு. சஸ்பென்ஷன் அசையுற தூரத்துல மூணுல ரெண்டு பங்கு மிச்சம் இருக்கணும், தரையிலிருந்து 100 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கணும். ஜெர்மனியில சோதனை செஞ்சு அங்கீகரிச்ச பாகங்களை மாட்டலாம். தேவைப்பட்டா டியூவ் மாதிரி நிறுவனத்துல காட்டி, வண்டிப் பத்திரத்துல பதிஞ்சுக்கலாம். ரெண்டு நாட்டுலயும் ஆசைக்கு ஒரு வாசல் இருக்கு, அந்த வாசல்ல ஒரு பரிசோதனையும் இருக்கு.

நம்ம ஊர்ல இது நடக்காதுன்னு சொல்லிடாதீங்க. நம்ம சட்டமே ஒரு இடத்துல இதைச் செஞ்சிருக்கு. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாத்தி அமைச்சா, மாற்றின பிறகு பதிவு அதிகாரிகிட்ட ஒப்புதல் வாங்கிக்கலாம்னு அதே 52-வது பிரிவுல வழி இருக்கு. நிபந்தனைகளுக்கு உட்பட்டு மாற்று, காட்டு, பதிஞ்சுக்கோ. அவ்வளவுதான்.

மில்லிமீட்டர்ல எழுதவும் நமக்கு நல்லாவே தெரியும். எதுக்குன்னு கேளுங்க. வரிக்கு. 2023 ஜூலையில ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, 4,000 மில்லிமீட்டருக்கு மேல நீளம், 1,500 சிசிக்கு மேல இன்ஜின், 170 மில்லிமீட்டர் அல்லது அதுக்கு மேல கிரவுண்ட் கிளியரன்ஸ் உள்ள வண்டிக்குக் கூடுதல் செஸ்னு தெளிவுபடுத்துச்சு. அதோட நிறுத்தல. கிரவுண்ட் கிளியரன்ஸைக் காலி வண்டியில அளக்கணும்னு வரையறையும் சேர்த்தாங்க. வரி வாங்கும்போது எந்த நிலையில நின்னு அளக்கணும்னு கூட எழுதியிருக்காங்க. அபராதம் போடும்போது மட்டும் எண்ணே கிடையாது.

என் பக்கம்

நான் எந்தப் பக்கம்னு கேட்டீங்கன்னா, எல்லை வேணும்ங்கிற பக்கம். ஆனா அந்த எல்லை எண்ணாக இருக்கணும். ஒரு சின்ன அளவு வரைக்கும், சோதனை செஞ்ச பாகத்தை வெச்சு, முகப்பு விளக்கைத் திரும்பச் சரிபண்ணி, எஃப்சி மையத்துல காட்டி ஏத்திக்கலாம். அதுக்கு மேல கூடாது. ஸ்பிரிங் வெட்டுறதுக்கும், முன்பக்கத்தை மட்டும் தூக்குறதுக்கும் தயவே வேண்டாம். அந்தச் சின்ன அளவு 20-ஆ, 30-ஆ, 50-ஆன்னு பொறியாளர்கள் சொல்லட்டும்.

எதிர்த்தரப்புல வலுவான ஒரு வாதம் இருக்கு. "எண்ணைக் கொடுத்தா எல்லாரும் அந்த எண்ணைத் தாண்டுவாங்க. அளக்க ஆள் எங்க, கருவி எங்க?" நியாயமான கேள்விதான். ஆனா இப்ப என்ன நடக்குது? முழுத் தடை இருக்கிறதால அந்த அண்ணன் ரப்பரை ஒளிச்சு மாட்டுறார். ஒளிச்சு மாட்டுறதால யாரும் அதைச் சோதிக்கிறதில்லை. வண்டி பாதுகாப்பா இருக்கிறது எஃப்சி நடக்குற அந்த அரைமணி நேரம் மட்டும்தான். பிரசவ வலியோட ஒரு பொண்ணு பின் சீட்டுல படுத்திருக்கும்போது, எந்தப் பொறியாளரும் பார்க்காத ஸ்பிரிங் மேலதான் அந்த வண்டி ஓடுது.

எங்க ஊர்னாலே எல்லாரும் குடவோலைக் கல்வெட்டைப் பத்திக் கேட்பீங்க. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கு. முதலாம் பராந்தகன் காலம். யார் வாரியத்துக்கு நிக்கலாம், எவ்வளவு நிலம் இருக்கணும், 35 வயசுக்கு மேல 70-க்குக் கீழன்னு எண்ணெண்ணாக வெட்டி வெச்சிருக்காங்க. எனக்கு அதுல பிடிச்ச விஷயம் வேற. 919-ல ஒரு தடவை விதியை வெட்டினாங்க. ரெண்டே வருஷத்துல, 921-ல, திருத்தி மறுபடியும் வெட்டினாங்க. கல்லுல வெட்டினதையே திருத்த முடிஞ்சிருக்கு. ஒரு அரசாணையில 30 மில்லிமீட்டர்னு போட்டுப் பார்த்து, சரிவரலைன்னா 25 ஆக்குறது அவ்வளவு கஷ்டமா?

அதுவரைக்கும் நீங்க என்ன செய்யலாம்?

இப்போதைக்கு இருக்கிற சட்டம் இதுதான், அதுக்குள்ளதான் ஓட்டணும். அதனால கேள்வி கேட்டவங்களுக்கு நேரடியாச் சொல்லிடுறேன்.

அடி தட்டுதுன்னா முதல்ல ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் பாருங்க. பழைய வண்டி ஸ்பிரிங் தளர்ந்து தானாவே இறங்கியிருக்கும். அதே கம்பெனி, அதே மாடல் ஸ்பிரிங்கைப் புதுசாப் போட்டா இழந்த உயரம் திரும்பி வரும். அது மாற்றமே கிடையாது, பழுதுபார்ப்பு. டயர்ல காத்து சரியா இருக்கா, டிக்கியில தேவையில்லாத பாரம் இருக்கான்னு பாருங்க. பாதிப் பேருக்கு இதுலயே பிரச்சினை தீரும்.

பாரம் ஏத்திட்டு ராத்திரி ஓட்டினா, ஸ்டியரிங் பக்கத்துல 0, 1, 2, 3-னு ஒரு சின்னத் திருகு இருக்கும். அது முகப்பு விளக்கை இறக்குறதுக்கு. பின் சீட்டு நிறைஞ்சா அதைத் திருப்புங்க. எக்ஸெல்காரர் உங்களை வாழ்த்துவார்.

ஏற்கெனவே ஏத்தின வண்டியை வாங்கப் போறீங்கன்னா, என்ன மாத்தியிருக்காங்கன்னு எழுத்துல கேளுங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லுங்க. சொல்லாம விட்டா, அடிபட்ட பிறகு உங்க வண்டி சேதத்துக்கான க்ளெய்ம்ல வாக்குவாதம் வர்றதுக்கு நீங்களே காரணம் கொடுத்த மாதிரி ஆயிடும்.

கடைசியா, உங்க ஊர்ல வண்டி வயித்தைத் தட்டுற ஒரு வேகத்தடை இருந்தா ஒரு டேப்பை எடுத்துக்கிட்டுப் போங்க. உயரம், அகலம் ரெண்டையும் அளங்க. போட்டோ எடுங்க. 10 சென்டிமீட்டர், 3.7 மீட்டர்ங்கிற ரெண்டு எண்ணையும் பக்கத்துல எழுதி, அந்த ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதா ஊராட்சியுடையதான்னு விசாரிச்சு அங்க மனு கொடுங்க. கிராமசபைக் கூட்டத்துல பேசுங்க. நான் எங்க தெரு மேட்டை அளந்துட்டேன். உயரம் 19 சென்டிமீட்டர், அகலம் 60. மனு தயாரா இருக்கு. அண்ணன்தான் முதல் கையெழுத்து.

உங்க அளவுகளை அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பைக் சைலென்சர் பத்திப் பேசலாம். அதுல சண்டை இன்னும் சத்தமா இருக்கும்.